காசிலிங்கத்தின் நீலச் சாரம்

பேட்டையிலிருந்து பாபநாசம் வரைக்கும் பேச்சித்தாய் அந்தப் பையை மடியை விட்டு இறக்கவில்லை. பாதித் திருநெல்வேலி அந்த ஒரே பஸ்ஸில்தான் தொங்கிக்கொண்டு வந்தது. மேலே வைக்கச் சொல்லிக் கண்டக்டருக்குத் தொண்டை கட்டியது. சேரன்மகாதேவியில் ஏறிய பெரியவர் ஒருவர், “உள்ள என்ன தாயி, பச்சப்புள்ளையா?” என்று கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி. அழுதா நீங்கதான் இடுப்புல வைக்கணும்.”

பஸ்ஸே சிரித்தது. மகள் இசக்கிச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. பைக்குள் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். காலையில் அம்மா அடுக்கும்போது பார்த்துவிட்டாள். இரண்டு சேலை, அவற்றுக்கு அடியில், பாலித்தீன் உறையில் சுற்றி, அப்பா லுங்கியாக உடுத்திய நீலக் கட்டம் போட்ட சாரம்.

அப்பா காசிலிங்கம் பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். கடைசி வாரம் வரை பட்டறைக்குப் போனவர், தை மாதம் போய்ச் சேர்ந்தார். செல்வி பள்ளிக்கூடம் போன காலத்தில், முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே பெண்டாட்டி பிள்ளையைப் பாபநாசத்துக்குக் கூட்டிவந்து சத்திரத்தில் இறங்கிவிடுவார். அவர் படித்துறையில் குதித்தால் அக்கரையில் நிற்கிறவன் நனைவான். அவர் தின்ற இட்லியால் இரண்டு ஹோட்டல்காரர்கள் மாடி எடுத்துக் கட்டினார்கள். அவர் பொரி போட்டு வளர்த்த மீன்கள் கன்றுக்குட்டி கனம் இருக்கும். அவரைக் கண்டால் வாலை ஆட்டும்.

செல்வி கல்யாணமாகி ஓசூர் போனதும் அந்தப் பயணம் நின்றுபோயிற்று. போன வாரம் பேச்சித்தாயே போன் போட்டு, “சனி ஞாயிறு லீவுதானட்டி? பாபநாசத்துல போயி ரெண்டு நாள் கெடப்பமா?” என்று கேட்டாள். எதற்கென்று செல்வி தானாகவே புரிந்துகொண்டாள். பாபநாசத்தில் முங்குகிறவர்கள் உடுத்த துணியை ஆற்றோடு விட்டுவிடுவார்கள். செத்தவர்களின் துணியையும் கொண்டுவந்து விடுவார்கள். பாவமும் துக்கமும் அதோடு போகும் என்பது நம்பிக்கை. அம்மா அதற்குத்தான் வருகிறாள், ஆனால் அவளுக்குக் கை வராது என்று செல்வி நினைத்தாள்.

சத்திரத்தில் அறை எடுத்துவிட்டுப் படித்துறைக்கு வந்தார்கள்.

“மீனுக்குப் பொரி வாங்கிட்டு வாரேன். பையப் பாத்துக்கட்டி, குரங்கு நிக்கி,” என்று சொல்லிவிட்டுக் கடைப்பக்கம் போனாள் பேச்சித்தாய்.

அந்த ஊர்க் குரங்குகள் டிபன் கேரியரைத் திறந்து தின்றுவிட்டுத் திரும்ப மூடி வைக்கிற ஜாதி. அவற்றிடமிருந்து பை தப்பியது. செல்வியிடமிருந்து தப்பவில்லை. அம்மா பட வேண்டிய வேதனையை நாமே பட்டுவிடுவோம் என்று சாரத்தை எடுத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு அதை ஆற்றில் விட்டாள். சாரம் ஒரு சுற்றுச் சுற்றி, விரிந்து, கிழக்கே போயிற்று.

பேச்சித்தாய் பொரியோடு வந்தாள்.

“எம்மா, நீ சங்கடப்படக் கூடாதுன்னு நானே விட்டுட்டேன்.”

“என்னத்த விட்ட?”

“அப்பா சாரத்த.”

பேச்சித்தாய் காலிப் பாலித்தீன் உறையைப் பார்த்தாள்.

“அத எதுக்குட்டி விட்ட?”

“அதுக்குத்தான கொண்டாந்த?”

“ராத்திரி தலைக்கு வைக்கதுக்குக் கொண்டாந்தேன்.” குரல் உயரவே இல்லை. “அந்த வாசம் இல்லாம உறக்கம் வரமாட்டேங்கு. தையிலருந்து அதத் துவைக்காம வச்சிருக்கேன்.”

தினமும் ஓசூரிலிருந்து போனில் “உறங்குனியாம்மா?” என்று கேட்டவள் செல்வி. “நல்லா உறங்குனேன்” என்றுதான் பதில் வரும். அதற்குமேல் அவள் கேட்டதில்லை.

ஆறு திரும்புகிற இடத்துக்கு இருவரும் ஓடினார்கள். ஆற்றில் கிடக்கிற துணியைக் கொக்கிக் கம்பால் இழுத்துக் கரையேற்றுகிற சுடலையாண்டி அங்கே நின்றார். அவருக்குப் பின்னால் பொதிகை மலைக்குத் தங்கச்சி மாதிரி துணி மலை ஒன்று நின்றது.

“இப்பதான் விட்டோம் அண்ணாச்சி. நீலக் கட்டம் போட்ட சாரம்,” என்றாள் செல்வி.

“விட்டதத் தேடி வந்த மொத ஆளு நீங்கதாம் தாயி. பாவத்தத் திருப்பிக் கொண்டு போவவா?” என்று சிரித்தார் அவர். “நீலக் கட்டமா? அங்கன ஒரு ஊரே உடுத்தலாம், போயிப் பாருங்க.” பேச்சித்தாயின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “பாத்து இறங்குங்க. பாறை வழுக்கும்,” என்று சொல்லிவிட்டு ஆற்றைத் தானே துழாவ ஆரம்பித்தார்.

ஊரிலுள்ள துக்கமெல்லாம் சேலையும் வேட்டியுமாக அவர் கம்பில் ஏறி வந்தது. நாணல் புதரில் சிக்கிக் கிடந்த ஒன்றைச் செல்விதான் கண்டாள். லேத்துப் பொறி பட்டுத் துளை விழுந்த நீலச் சாரம். அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

பேச்சித்தாய் அதைப் பிழியக்கூட இல்லை. அப்படியே முகத்தில் வைத்து அழுத்தினாள். தண்ணீர் கழுத்து வழியாக ஓடி ரவிக்கையை நனைத்தது.

“ஆத்து வாசம்,” என்றாள் பேச்சித்தாய்.

“காஞ்சா வரும்மா.”

“வராதுட்டி.”

சுடலையாண்டி கம்பைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். அம்மாவும் மகளும் பாறையில் உட்கார்ந்தார்கள்.

“எப்படிம்மா இருக்கும்?” என்று செல்வி கேட்டாள். “அப்பா வாசம் எனக்கு ஞாபகத்துலயே இல்ல.”

“கிரீஸ் வாடை முதல்ல வரும். பொறவு மூக்குப்பொடி. வேர்வை.” விரலை மடக்கிக்கொண்டே வந்த பேச்சித்தாய் நின்றாள். “இன்னொண்ணு உண்டு.”

மடங்காத விரலையே பார்த்தாள். மறுபடி ஈரச் சாரத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். நெடுநேரம் கழித்து எடுத்தாள்.

“மறந்துருவேன்னுதானட்டி தூக்கிட்டே அலஞ்சேன்.”

“எம்மா...”

“இரு, பேசாத. இன்னொண்ணு உண்டு. சொல்லுதேன், இரு.”

பேச்சித்தாய் கண்ணை மூடிக்கொண்டு தேடினாள்.