ஐந்தாம் காட்சியில் நாலு விநாடி

ஓமலூர் தாண்டி தருமபுரி போகும் சாலையில் இருக்கிற கேளிக்கைப் பூங்காவில் 'பாதாள யாத்திரை' என்றொரு இருட்டு ரைடு உண்டு. அதில் ஏறுகிறவர்கள் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும். "போறேன்" என்று சொல்லி ஏறியவர்கள் திரும்பி வருவதில்லை. வண்டி மட்டும் வரும்.

இது பலகையிலேயே எழுதியிருக்கிறது. இதய நோயாளிகள் தவிர்க்கவும், கர்ப்பிணிகள் தவிர்க்கவும், மூன்றரை அடிக்குக் குறைந்த பிள்ளைகள் மடியில் உட்காரவும், அதற்கடுத்த வரியில் இது. நம் ஜனங்கள் பலகையை எங்கே படிக்கிறார்கள்? அதனால் ஏறுமிடத்தில் நின்று அந்தச் சொல்லைக் காதால் கேட்டு வாங்குவதற்கென்றே ஆள் போட்டிருந்தார்கள். அந்த வேலை அஞ்சுகத்துடையது.

ஒரு வண்டிக்கு நாலு பேர். நாலு பேரும் வாய் திறந்து சொல்ல வேண்டும். அவள் "போயிட்டு வாங்க" என்று பதில் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் பச்சைப் பொத்தான். இருபத்து நாலு விநாடிக்கு ஒரு வண்டி, ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு "போயிட்டு வாங்க". ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்களும் குப்பம் ஊர்த் தெலுங்குக்காரர்களும் அவரவர் பாஷையில் சொன்னாலும் செல்லும். அவர்களும் போய்விட்டு வருகிற ஜனங்கள்தான். கல்லூரிப் பிள்ளைகள் "பை" என்று சொல்லி ஏறினால் வெளியே வர இரண்டு சுற்று ஆகும். கைக்குழந்தை டாட்டா காட்டினால் போதும்.

அஞ்சுகத்தின் புருஷன் தேசிங்குக்கும் அங்கேயே வேலை. உள்ளே இருக்கிற பொம்மைகளுக்கு மோட்டார் மாட்டுவது, கழன்ற கையைப் பூட்டுவது, ஊதா விளக்கில் பளபளக்கிற பெயிண்டைத் தொட்டு வைப்பது. கல்யாணமாகிப் பதினாலு வருஷம். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் போகிறவர்கள்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, எள் போட்டால் கீழே விழாத கூட்டம். மதியம் ஒரு மணிக்கு தேசிங்கு டிபன் பாக்ஸைத் திறந்து கையில் ஏந்தியபடி ஏறுமிடத்துக்கே வந்துவிட்டான்.

"இன்னிக்கும் எலுமிச்சம்பழச் சோறா? ஒரு வாரமா இதேதானா?"

"எட்டு மணி பஸ்ஸப் புடிக்கணும். வேற என்ன செய்யச் சொல்றீங்க, பிரியாணியா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. மனுஷனுக்குப் பொண்டாட்டி திட்டினால்கூடப் பொறுக்கும், பார்த்து நாலு பேர் சிரித்தால் பொறுக்காது. தேசிங்கின் காது மடல் சிவந்துவிட்டது.

"இனிமே உன் சோத்துல கை வச்சா என்னன்னு கேளு. நான் போறேன்!" என்று சொல்லி, காலியாக நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்து, மடிக்கம்பியையும் அவனே இழுத்துப் பூட்டிக்கொண்டான்.

"போங்க!" என்றாள் அஞ்சுகம். கை பழக்கதோஷத்தில் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டது.

மூன்று நிமிடம் நாற்பது விநாடி கழித்து வண்டி வந்தது. இருக்கையில் டிபன் பாக்ஸ் இருந்தது, மூடி ஒழுங்காக மூடியிருந்தது. அஞ்சுகம் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த நாலு பேரிடம் "போயிட்டு வாங்க" என்றாள்.

அன்று மாலை மேனேஜர் திருவேங்கடம் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். "அஞ்சாவது காட்சில கொப்பரையக் கிண்டுற பொம்மைக்கு முழங்கை போயி ஒரு மாசம் ஆச்சும்மா. அந்த எடத்துல நிக்கிறாரு. நல்லாத்தான் கிண்டுறாரு."

"எப்ப சார் வருவாரு?"

"கூப்புட்டா வருவாரு. யாராச்சும் நேர்ல போயி, எதிர்ல நின்னு கூப்புடணும். கூப்புடாம அங்கருந்து யாரும் வர்றதில்ல. ஏற்கெனவே பதினாறு பேரு இருக்காங்க, இவரோட பதினேழு. ஒருத்தரையும் தேடி இதுவரைக்கும் ஆள் வரல."

"அப்ப நான் இப்பவே போ…" என்று எழுந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போயிட்டு வரேன் சார்."

"லீவு நாள்ல போம்மா. வரிசைல நின்னு போ. நம்ம ஆளுங்களே குறுக்க பூந்தா ஜனங்க சும்மா இருக்குமா?"

அவளுக்கு வார லீவு செவ்வாய்க்கிழமை. நடுவில் ஒரு நாள்தான், அதற்குள் அவள் பட்ட பாடு! இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் வாசலுக்குப் போனாள். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாமல் பருப்பு கூழாகிவிட்டது. கோபமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. போய்க் கூப்பிட்டு அவன் வரமாட்டேன் என்றுவிட்டால்? எடுத்தவுடனே கூப்பிடக் கூடாது, முதலில் ஆள் எப்படி இருக்கிறார் என்று ஆழம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரிசையில் நின்றாள். அந்த வரிசையில் அவளுக்குத் தெரியாத சூட்சுமம் ஒன்றுமில்லை. ஒன்பது மடிப்பு. மடித்து மடித்து விட்டிருப்பதால் முன்னால் இருக்கிற கூட்டம் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். நாலாவது மடிப்பில் கண்ணாடி, பெண்கள் முடியைச் சரிசெய்கிற சாக்கில் ஐந்து நிமிடம் கழியும். ஒவ்வொரு திருப்பத்திலும் எதிர்வரிசையில் அதே முகங்கள் வரும். ஏழாவது மடிப்பில் ஜாதகம் பரிமாறிக்கொண்டவர்களும் உண்டு. கதவு தெரிந்துவிட்டது, வந்தாயிற்று என்று மனம் துள்ளும் இடத்தில் இன்னும் இரண்டு மடிப்பு ஒளிந்திருக்கும். எல்லாம் தெரிந்தும் அந்த இடத்தில் அவள் மனமும் துள்ளத்தான் செய்தது. ஐம்பது நிமிடம் ஆயிற்று.

ஏறுமிடத்தில் அன்று சபீனா இருந்தாள். சபீனா வேலையில் கறார். கூட வேலை செய்கிறவள் என்றுகூடப் பார்க்கவில்லை, அஞ்சுகம் சொல்லும்வரை கையைப் பொத்தானில் வைக்கவில்லை.

"போயிட்டு வரேன் சபீனா."

"போயிட்டு வாங்கக்கா."

உள்ளே இடம் ஒன்றும் பெரிசில்லை. ஒரு கல்யாண மண்டபம் அளவுதான். சுவரெல்லாம் கருப்பு அடித்து, தண்டவாளத்தைச் சுருட்டி வைத்திருப்பதால் பாதாளம்வரை போகிற மாதிரி இருக்கும். வண்டியே கதவை முட்டித் திறந்துகொண்டு ஒவ்வொரு காட்சிக்குள்ளும் நுழையும். ஐந்தாவது கதவு திறந்தது. கொப்பரை, சிவப்பு விளக்கு, புகை, நடுவில் தேசிங்கு. வேஷ்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, ஆள் உயரக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தான். அந்தத் திருப்பத்தில் வண்டி ஒருவர் முகத்தைப் பார்க்க நாலு விநாடி கொடுக்கும்.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?"

"இங்க…" என்றான் தேசிங்கு. வண்டி திரும்பிவிட்டது.

வெளியே வந்து மறுபடி வரிசை. 'இங்க' என்று எதற்கு இழுத்தான்? இங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்றா? ஐம்பது நிமிடமும் அந்தச் சொல்லை நெஞ்சில் போட்டு உருட்டினாள். கண் கலங்கிவிட்டது. ஐந்தாவது கதவு திறந்தது.

"…நல்லாப் போடுறாங்க" என்று முடித்தான்.

வந்ததே கோபம்! மூன்றாவது தடவை வரிசையில் நின்றபோது மண்டை கொதித்தது. இருந்தாலும் கட்டினவனாயிற்றே, விட்டுவிட முடியுமா? நேராகவே கேட்டுவிட்டாள்.

"எம்மேல கோவமா?"

"உன்ன…"

வண்டி திரும்பியது. 'உன்ன' என்ற சொல்லோடு ஐம்பது நிமிடம் நிற்பது எப்படிப்பட்டது என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உன்னை மறக்க முடியவில்லை என்றும் வரலாம், உன்னை யார் வரச் சொன்னது என்றும் வரலாம். ஒவ்வொரு மடிப்பிலும் ஒன்று தோன்றியது. கண்ணாடி மடிப்பில் தன் முகத்தைப் பார்த்தாள். 'உன்னை'க்கு அடுத்து நல்லதாக ஒன்றும் வராது என்று பட்டது. நகத்தைக் கடித்துத் துப்பினாள்.

"…ஒண்ணும் சொல்லலியே" என்றான்.

உன்னை ஒன்றும் சொல்லவில்லையே! அவ்வளவுதான், அஞ்சுகத்துக்கு உயிர் வந்துவிட்டது. கோபம் இல்லை, கூப்பிட்டால் வந்துவிடுவான். ஐந்தாவது சுற்றில் கொப்பரைக்கு நேரே வந்ததும், எல்லாக் காட்சிக்கும் கேட்கிற மாதிரி அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துக் கூப்பிட்டாள்.

"ஏங்க! வாங்க!"

இறங்குமிடத்தில் ஓடிப்போய் நின்றாள். அடுத்து வந்த வண்டியில் நாலு பேரோடு ஐந்தாவதாக ஒருவர், ராஜா உடுப்பில். ஆத்தூர் ஜவுளிக் கடைக்காரராம். "கூப்பிட்டதுக்கு ரொம்ப சந்தோஷம்மா" என்று கும்பிட்டுவிட்டு, ஆத்தூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டு போனார். அதற்கடுத்த வண்டியில் ஐந்தாவதாக ஒரு நர்ஸ் அம்மா. அதற்கடுத்ததில் வாத்தியார். பதினாறு வண்டியில் பதினாறு பேர் வந்து பதினாறு தடவை நன்றி சொன்னார்கள். பதினேழாவது வண்டியில் நாலு பேர்தான் இருந்தார்கள்.

திருவேங்கடம் பூங்காவின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார். "வாங்கன்னு கூப்புட்டா எல்லாருந்தாம்மா வருவாங்க. அது பொதுவில்ல?" என்று சொல்லிவிட்டு, காலியான காட்சிகளுக்குத் திரை போடச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ஆறாவது சுற்றில் தேசிங்கு தனியாக நின்று கிண்டிக்கொண்டிருந்தான். முகம் தூக்கி வைத்திருந்தது.

"ஊருக்குப் பொதுவாக் கூப்புட்டா நான் வந்துருவனா?" என்றான். நாலு விநாடியும் அவனுக்கே சரியாகப் போய்விட்டது.

அஞ்சுகத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவளுடைய சொந்தச் சித்தப்பாவே, பத்திரிகையைத் தபாலில் அனுப்பினார்கள் என்று அவள் கல்யாணத்துக்கு வராதவர். மனுஷனைத் தனியாகக் கூப்பிட வேண்டும். 'வாங்க' என்பது பத்துப் பேருக்கும் போகும். ஒருத்தனுக்கு மட்டும் என்றால் 'வா' என்றுதான் சொல்ல வேண்டும். புருஷனை! பதினாலு வருஷத்தில் 'ஏங்க' தவிர வேறு சொல் அவள் வாயில் வந்ததில்லை. மற்றவர்களிடம் 'எங்க வீட்டுக்காரரு'. பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில்கூட எழுதித்தான் காட்டுவாள்.

ஏழாவது தடவை வரிசையில் நின்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தி "வா" என்றபோது முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "என்னையா கூப்டீங்க?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். கால் கடுத்தது. சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போடுவது? சொல்லாவிட்டால் யாருக்குச் சோறு போடுவது? கடைசி மடிப்புவரை இதே போராட்டம். சபீனாவிடம் "போயிட்டு வரேன்" சொன்னபோது குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

ஐந்தாவது கதவை வண்டி முட்டியது. சிவப்பு விளக்கில் தேசிங்கு தெரிந்தான். இரண்டு நாள் தாடி. இளைத்த மாதிரி இருந்தது. பார்த்ததும் மரியாதை, வெட்கம் எல்லாம் எங்கோ போய்விட்டது.

"டேய் தேசிங்கு! வாடா!"

தேசிங்கு நிமிர்ந்தான். அந்த மாதிரி அவன் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கரண்டியைப் போட்டான்.

"இரு, வரேன்" என்றான்.

மடிக்கம்பி தானாக மேலே எழும்பியது. அவன் ஒரு பக்கம் ஏறினான். இரு என்று சொல்லியிருந்தபடியால் அவள் மறுபக்கம் இறங்கி அங்கேயே இருந்தாள். வண்டியிலிருந்த மற்ற மூன்று பேரும் அவன் வசதியாக உட்காரக் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார்கள். வண்டி அடுத்த கதவை முட்டித் திறந்து போயிற்று.

அஞ்சுகம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கரண்டியை எடுத்தாள். கனமாகத்தான் இருந்தது. சபீனாவிடம் போயிட்டு வரேன் என்று சொல்லியிருக்கிறாள், ஆகவே வருவாள். எந்தத் தேதி என்று யாரும் கேட்டு வாங்குவதில்லை. நாலு நாலு பேராக வந்து அவளைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனார்கள். அவரும் வரிசையில்தானே வர வேண்டும், ஐம்பது நிமிடம் ஆகும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐம்பது நிமிடம் கழித்து தேசிங்கு வந்தான். முன் இருக்கையில், முகத்தைக் கழுவித் தலை வாரி, அவளையே பார்த்தபடி வந்தான். அவள் கிண்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அஞ்சுகம், வீட்டுச் சாவிய எங்க வச்ச?" என்றான். வண்டி திரும்பியது.

அடுத்த வண்டி வந்தது. "முன் வண்டில நீலச் சட்டைக்காரருகிட்ட, சாவி செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழ இருக்குன்னு சொல்லிடுங்க" என்றாள். "சொல்லிடறோம்க்கா" என்றார்கள் நாலு பேரும்.

அதற்கடுத்த வண்டி வந்தது. "அப்படியே, அடுத்த சுத்துல 'வா'ன்னு ஒரு வார்த்த கூப்பிடச் சொல்லுங்க" என்றாள்.

"யாருகிட்டங்க?" என்று கேட்டார் கண்ணாடி போட்ட ஒருவர். வண்டி திரும்பிவிட்டது.

அஞ்சுகம் கரண்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு மூன்றாவது வண்டியை எதிர்பார்த்தாள்.