தானாக மூடும் பை

காளவாசல் சிக்னலுக்குச் சற்றுத் தள்ளி, கேமரா சாமான்கள் விற்கும் ரோகிணியின் கடையில் அருள்பாண்டி நான்காவது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். முதல் பையில் வார் வழுக்கியது. இரண்டாவதில் லென்ஸை நிறுத்தினால் ஃப்ளாஷுக்கு இடமில்லை. மூன்றாவது ஏன் பிடிக்கவில்லை என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

"வெறும் பைய மாட்டிக்கிட்டுக் கண்ணாடியப் பாத்தா என்னண்ணே தெரியும்? பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க?" என்றாள் ரோகிணி. "சாமான உள்ள வச்சு, தெருக்கோடி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. தோளே சொல்லிரும்."

அவன் தன் பழைய பையைத் திறந்தான். அது இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த பெரிய பை. பத்து வருடங்களாக அவனும் சூரியபிரகாஷும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை மண்டபம் மண்டபமாகத் தூக்கியிருக்கிறார்கள். அவன் போட்டோ எடுப்பான், பிரகாஷ் வீடியோ. இருவருக்கும் திருநகரில் ஒரே தெரு, ஒரே ஸ்டூடியோ.

"எம்புட்டு சாமான் வைக்கணும்? ரெண்டு கேமராவா?"

"ஒன்னுதான்."

"அப்ப பிரகாஷ் அண்ணனோடது?"

"அவன் பிரிஞ்சு போயி அஞ்சு மாசமாச்சு."

ரோகிணி அந்த நான்காவது பைக்குள் ஒட்டியிருந்த தடுப்புகளைப் பிய்த்து, ஒரே கேமராவுக்கு ஏற்ற மாதிரி மாற்றி ஒட்டினாள். சாமானெல்லாம் உள்ளே போன பிறகும் பாதி இடம் காலியாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை செக்கானூரணியில் முத்திருளன் புதுவீட்டில் பால் காய்ச்சுகிறார். அருள்பாண்டி தனியாகப் போகும் முதல் பெரிய வேலை அது. ஆவணியில் அழகர்கோவிலில் காதுகுத்து வைத்தவரும் இதே முத்திருளன்தான்.

காதுகுத்து அன்று மலையடிவாரத்தில் காரின் பின்கதவைத் திறந்து அருள்பாண்டி பையை இழுத்தான். வாய் பிளந்து கிடந்த பையிலிருந்து முகத்தை நெருக்கமாக எடுக்கும் லென்ஸ் கல்லில் விழுந்து உடைந்தது. சுற்றிலும் ஐம்பது பேர் நின்றார்கள். பிள்ளை மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரத் தயாராக இருந்தது. "யாரு தம்பி பையக் கட்டுனது?" என்று முத்திருளன் கத்தினார்.

"பிரகாஷ்தாண்ணே."

விடியற்காலையில் பையைக் கட்டியது பிரகாஷ்தான், அதில் பொய்யில்லை. ஆனால் வழியில் அப்பன்திருப்பதியில் டீ குடிக்க நின்றபோது, பேட்டரி பார்க்கிறேன் என்று அருள்பாண்டி ஜிப்பைத் திறந்தான். மூடவில்லை. பிரகாஷின் பெயர் வாயைவிட்டுப் போன அதே கணத்தில் இது அவனுக்கு நினைவு வந்தது. திருத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் அதற்குள் முத்திருளன் பிரகாஷ் பக்கம் திரும்பியிருந்தார். "கண்ணப் பிடரியிலயா வச்சிருந்த? பிள்ளைக்கு இன்னொரு தடவையா காது குத்துவேன்?" பிரகாஷ் குனிந்து கண்ணாடிச் சில்லுகளைக் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

அதன்பின் மூன்று நாள் இருவரும் ஸ்டூடியோவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காதுகுத்துப் படங்களைத்தான் சரிசெய்தார்கள். தேவைக்கு மேல் ஒரு பேச்சில்லை. நான்காம் நாள் பிரகாஷ் சாவியை மேசைமேல் வைத்தான். "வாரேன் மாப்ள" என்றான். போய்விட்டான்.

தெருக்கோடி வரை நடந்து திரும்பிய அருள்பாண்டி, "இதுவும் சரியில்ல ரோகிணி" என்றான்.

"உங்களுக்குத் தச்சுத்தான் குடுக்கணும்." சலித்துக்கொண்டே உள்ளே போனவள், பாலித்தீன் பிரிக்காத ஒரு பையுடன் வந்தாள். சாம்பல் நிறம், அகலமான வார். "இத மறந்தே போயிட்டேன். பிரகாஷ் அண்ணே சொல்லி வரவழச்சது. பிறகு அவரு ஆளையே காணோம்."

மூடியைத் தூக்கிப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தாள். அது தானாக விழுந்து, காந்தத்தில் டப்பென்று ஒட்டிக்கொண்டது.

"எங்க மாப்ளைக்கு ஜிப்ப மூடுற பழக்கமே கெடையாது, கைய எடுத்தா தானா மூடிக்கிற மாதிரி ஒரு பை வேணும்னாரு. அதச் சொல்லி ஒரே சிரிப்பு."

"எப்ப சொன்னான்?"

"லென்ஸ் உடஞ்சுச்சே, அதுக்கு மறுநாளு. ரிப்பேருக்கு ஆகுமான்னு சில்லக் கொண்டுவந்து காட்டுனாருல்ல, அன்னைக்குத்தான்."

அருள்பாண்டி பையைக் கழற்றி மேசையில் வைத்தான். பிரகாஷுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஐம்பது பேர் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறான். தெரிந்துதான் மறுநாள் இங்கே வந்து அவனுக்காகப் பை தேடியிருக்கிறான்.

வெளியே வந்து, பஸ் இரைச்சலுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு பிரகாஷை அழைத்தான்.

"சொல்லு" என்றான் பிரகாஷ். மாப்ள என்று சொல்லவில்லை.

"அன்னைக்கு ஜிப்பத் திறந்து போட்டது நாந்தான்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தான். அறவில்லை.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமாடா சும்மா இருந்த?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். மூணு நாளு பக்கத்துலயே உக்காந்திருந்தேன்ல?" குரலில் கோபமில்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே சொல்லி என்ன செய்ய? செக்கானூரணி பக்கம் நான் எந்த வீட்டு விசேசத்துக்குப் போனாலும், லென்ஸப் போட்டு உடச்சவன்தானன்னு கேக்குறாங்க. அவுககிட்டச் சொல்லு."

அருள்பாண்டி சிறிது நேரம் நடைபாதையிலேயே நின்றான். ஒன்றைச் சொல்ல எத்தனை மாதம் வேண்டும் என்று யோசித்தான். ஒரு நிமிடத்துக்குமேல் தேவைப்பட்டிருக்காது. பிறகு முத்திருளனை அழைத்தான். அந்தப் பக்கம் கொத்தனார்களின் சத்தம், பெண்கள் பேச்சு.

"வாங்க தம்பி. ஞாயித்துக்கிழம வெரசா வந்துருங்க, விடியக்கால மூணு மணிக்கே பால் காய்ச்சுறோம்."

"அண்ணே, ஒன்னு சொல்லணும். அழகர்கோவில்ல லென்ஸ் விழுந்தது பிரகாஷ் தப்பில்ல. பையத் திறந்து போட்டது நாந்தாண்ணே. அவன் மேல பழியப் போட்டுட்டேன்."

முத்திருளன் சிரித்தார். "அட, அத இன்னுமா மனசுல வச்சிருக்கீக? அந்தத் தம்பி வந்து ஏதும் பொலம்புனாரோ?"

"இல்லண்ணே. நெசமாவே நாந்தான்."

"சரி சரி, புரியுது. கூட நின்னவன விட்டுக்குடுக்க மனசு வரல. உங்களத் தெரியாதா எனக்கு?"

"அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க..."

ஆனால் அவர் போனைக் காதிலிருந்து சற்று விலக்கி, வீட்டுக்குள் யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "கேட்டியா, அந்தப் பய உடச்ச லென்ஸுக்கு இவரு பழியத் தம்மேல போட்டுக்கிறாரு!"

"நல்ல மனுசன்" என்று ஒரு பெண்குரல் சொன்னது அருள்பாண்டிக்குத் தெளிவாகக் கேட்டது.