முந்நூறு கிராம் சடை

எட்டு வருடத்தில் முப்பத்தொரு போட்டி ஆடியிருந்தாள் லுயாண்டோ. லுசாகா சந்தையில் பகலில் பழைய துணி விற்பாள், மாலையில் குத்துச்சண்டை. தேசிய இறுதிப் போட்டியில் மூன்று முறை கசூபாவிடம் தோற்றிருந்தாள். நான்காவது முறையாக மோதும் இந்தப் போட்டிதான் கடைசி என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

போட்டியன்று காலை எடை பார்த்தார்கள். ஐம்பத்து நான்கு கிலோவைத் தாண்டக் கூடாது. அவள் முந்நூறு கிராம் கூடுதல்.

"இன்னும் அரை மணி நேரம்மா. குறையலைன்னா போட்டி இல்ல" என்றார் எடை பார்த்த பெண்மணி.

மூன்று நாளாகச் சோளக்களியைத் தொடவில்லை. தண்ணீரைக்கூட மூடியில் அளந்து குடித்தாள். எங்கே கூடியது என்று தெரியாமல் விழித்தாள். வரிசையில் பின்னால் நின்ற கசூபா சிரித்தாள்.

"ஏண்டி, இடுப்பு வரைக்கும் சடை தொங்குது. நாலு பாக்கெட் ஒட்டுமுடி இருக்கும். அதுக்கு எடை இல்லையா?"

"போட்டோ எடுப்பாங்கன்னு நேத்துதான் பின்னிக்கிட்டேன்."

"ஜெயிச்சாதானே போட்டோ? உக்காரு."

கசூபா முடி பின்னும் கடை வைத்திருப்பவள். அவள் விரல்கள் சடையைப் பிரிக்கத் தொடங்கின.

"நான் ஆடலைன்னா உனக்குத்தானே பதக்கம்?"

"சும்மா வந்த பதக்கத்தைக் கடையில மாட்டினா வர்றவளுங்க சிரிப்பாளுங்க. யாருடி பின்னினது? கயிறு திரிச்ச மாதிரி இருக்கு."

"என் தங்கச்சி."

"அவளைச் சண்டைக்கு அனுப்பியிருக்கலாம். நல்ல கை பலம்."

மற்ற வீராங்கனைகளும் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு சடையைப் பிடித்தார்கள். நேரம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் லுயாண்டோ மறுபடி ஏறினாள். சரியாக ஐம்பத்து நான்கு.

"அப்படியே திரும்பப் பின்னி விடேன்."

"பிரிச்சதே பெருசு. போடி, எனக்குப் பசிக்குது."

மாலையில் புசுபுசுவென்று நின்ற முடியின் மேல் தலைக்கவசத்தை இரண்டு பேர் சேர்ந்து அழுத்தி மாட்டினார்கள். மூன்று சுற்றும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்து நடுவர்களில் மூவர் லுயாண்டோ பக்கம். கவசத்தைக் கழற்றியதும் முடி நாலா பக்கமும் எழுந்து நின்றது. அந்த நேரம் பார்த்துப் போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் உதடு வீங்கிய கசூபா செய்தித்தாளோடு லுயாண்டோவின் துணிக்கடைக்கு வந்தாள்.

"இதைப் பாத்துட்டு மூணு பேர் கேட்டுட்டாங்க. என் கடையில பின்னின தலை இல்லன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். அடுத்த வருஷமாவது என்கிட்ட வந்து பின்னிக்க. எடை பாத்தப்புறம் வா."

கடைசிப் போட்டி என்று வீட்டில் சொன்னதை லுயாண்டோ அவளிடம் சொல்லவில்லை.

"சரி, வர்றேன்" என்றாள்.