வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று

எதிர் வீட்டுக்காரிக்கு நான் வைத்திருக்கும் பெயர் தராசு. பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ஒரு மிஷின் காட்டும் எடையை இன்னொரு மிஷினில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். வீட்டிலும் அதே கதைதான். காய்ச்சல் என்றால் இரண்டு தெர்மாமீட்டர்.

அவள் மகளுக்குப் பதினைந்து வயது. பாதி நாள் நீச்சல் குளத்திலேயே கிடப்பதால் மாடி முழுக்க அவளுக்கு மீன்குட்டி என்றுதான் பெயர். பள்ளி நீச்சல் அணிக்கான உடல் பரிசோதனையில் பிரஷர் கூடுதலாகக் காட்டிவிட்டது. டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் சனிக்கிழமைப் போட்டி என்று சொல்லிவிட்டார்கள்.

அவ்வளவுதான், தராசு அன்றே ஒரு பிரஷர் மிஷினோடு வந்து இறங்கினாள். காலையும் மாலையும் அளவெடுப்புதான். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. மூடியிருந்தாலும் கேட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

"அசையாத. டென்ஷன் ஆகாத. ஆகாதன்னு சொல்றேன்ல!"

"நான் ஆகலம்மா."

"அப்புறம் ஏன்டி ஏறுது? கணக்குல மார்க் கொறஞ்சதையே நெனச்சிட்டு இருக்கியா?"

"நீ சொன்னதும்தான் ஞாபகம் வந்துச்சு."

நம்பர் ஏற ஏற மீன்குட்டியின் முகம் இறங்கிக்கொண்டே போனது. நீச்சல் உடையைத் துவைத்து மடித்து அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டாளாம்.

டாக்டர் ஒரு நாள் முழுக்கக் கட்டிக்கொள்ளும் மிஷினைக் கொடுத்து அனுப்பினார். கையில் பட்டை, இடுப்பில் சின்னப் பெட்டி. அவ்வப்போது தானே ஊதி, தானே அளந்து வைத்துக்கொள்ளும். படிப்பும் பரீட்சையும் இந்த வயதுப் பிள்ளைகளின் உடம்பை என்ன பாடு படுத்துகின்றன என்பது அதில் தெரிந்துவிடுமாம். "வீட்ல எல்லாம் வழக்கம்போல நடக்கட்டும்" என்றாராம். யாரிடம் போய் அதைச் சொன்னார் பாருங்கள்.

மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது துணைக்கு நானும் கிளம்பினேன். யாரும் கூப்பிடவில்லை.

டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். "கணக்குப் பரீட்சை நேரம், நார்மல். பஸ்ஸுக்கு ஓடிருக்கே, அப்ப ஏறத்தான் செய்யும். தூக்கம் பிரமாதம். ஆனா சாயங்காலம் ஒரு தடவ, காலைல ஒரு தடவ, சட்டுனு எகிறிருக்கே. என்னம்மா பண்ணிட்டிருந்த?"

மீன்குட்டி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள்.

"சும்மாதான் உக்காந்திருந்தேன் டாக்டர். இந்தக் கைல உங்க மிஷின், அந்தக் கைல அம்மா மிஷின்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"உங்க மிஷின் சரியாக் காட்டுதான்னு பாக்க வேணாமா?" என்றாள் தராசு. "குறை சொல்லக் கூடாது, ரெண்டும் ஒரே மாதிரிதான் காட்டுச்சு."

"அம்மா கொஞ்சம் வெளிய இருங்க. நான் இன்னொரு தடவ பாத்துடறேன்."

நான் அம்மா இல்லையே என்று அசையாமல் நின்றேன். "நீங்களும்தான்" என்றார்.

வெளியே பெஞ்சில் இதைச் சொல்லிச் சிரிக்க வாயைத் திறந்தேன். தராசு முந்திக்கொண்டாள். "எங்கப்பாவுக்கு இதான் இருந்துச்சுக்கா. யாரும் அளந்து பாக்கல. ஒரு நாள் ஆபீஸ் போனவர் திரும்பி வரல."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை.

கதவு திறந்தது. மீன்குட்டி கையெழுத்துப் போட்ட தாளை விசிறிக்கொண்டு வந்தாள். "நார்மல்மா! நீ வெளிய போனதும் அப்படியே இறங்கிடுச்சு."

"எவ்வளவு?" என்று ஆரம்பித்த தராசு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். "வேணாம். சொல்லாத." சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, மூக்கைத் துடைக்க என் புடவைத் தலைப்புதான் கிடைத்தது.

சனிக்கிழமை மீன்குட்டி மூன்றாவதாக வந்தாள். மூச்சு வாங்கக் கரையேறியவளைக் கண்டதும் தராசின் கை பைக்குள் போனது. மிஷினா? பையைப் பிடுங்கி உள்ளே பார்த்தேன்.

உலர்ந்த துண்டு ஒன்றுதான் இருந்தது.