சிவிங்கி சண்டை போடாது

ஒட்டகச்சிவிங்கி காருக்குள் தலையை நுழைத்தபோது மகிழன் அந்த மூன்று வரிகளை மறுபடியும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்குக் கலிபோர்னியாவில் வேலை கிடைத்திருக்கிறது. நீயும் அம்மாவோடு போகிறாய். அப்பா இங்கேதான் இருப்பேன். ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில்கூட இதைவிடக் கஷ்டமான வாக்கியங்கள் இருக்கும். ஆனாலும் காலையிலிருந்து தொண்டைக்கு மேலே ஏறி வர மாட்டேன் என்கின்றன. அதற்குள் கருநீலத்தில் ஒரு முழ நாக்கு ஜன்னல் வழியாக நீண்டு, பின் சீட்டில் மகள் அதிதி பிடித்திருந்த காகிதக் கோப்பையைத் துழாவியது. தீவன உருண்டைகள் சீட்டெல்லாம் சிதறின. அவள் கூச்சலிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அடங்கியது. சொல்லவில்லை.

டெக்சாஸில் அவர்கள் இருந்த காப்பெலிலிருந்து ஃபோர்ட் வொர்த்தைத் தாண்டி இன்னும் தெற்கே, காய்ந்த குன்றுகளுக்கு நடுவே இருந்தது அந்த விலங்குப் பூங்கா. மிருகங்கள் வெளியே திரியும், மனிதர்கள் காருக்குள் அடைபட்டுப் போக வேண்டும். ஒன்பது வயது அதிதிக்குச் சீட்டா என்றால் உயிர். ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவன், இனி அடுத்த முறை என்று ஒன்று அதிகம் இருக்காது என்று ஆன பிறகு கூட்டி வந்திருக்கிறான்.

பெயர் வைப்பதில் அந்தக் குடும்பத்துக்கு ராசியே இல்லை. பெருந்துறையில் தமிழாசிரியராக இருந்த அப்பா ஆசையாக வைத்த பெயர் மகிழன். அவன் முகத்தைப் பார்த்து அப்படிக் கூப்பிடுகிறவர்களுக்கே சங்கடமாக இருக்கும். மகள் பிறந்தபோது அவனும் பிரீத்தியும் இணையத்தில் தேடித் தேடி எடுத்தது அதிதி. வடமொழியில் அது ஒரு தேவதையின் பெயர். தமிழில் எழுதினால் விருந்தாளிக்கும் அதே எழுத்துதான். அன்றைக்கு அது யாருக்கும் தோன்றவில்லை. விவாகரத்துக்குப் பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளி சாயங்காலம் பையோடு வந்து ஞாயிறு சாயங்காலம் பையோடு போகிறவளை வேறு என்னவென்று சொல்வது?

டாலஸ் வட்டாரத்தை விட்டுக் குழந்தையை வெளியே குடியமர்த்தக் கூடாது, அப்பா சம்மதித்தால் ஒழிய, என்று கோர்ட் உத்தரவில் இருந்தது. பிரீத்திக்குக் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் வேலை வந்தது. நல்ல வேலை, அவளுக்கு வர வேண்டிய வேலைதான். மகிழனின் வக்கீல் அம்மாள் நேராகவே சொன்னாள்: நீ எதிர்த்தால் குழந்தை போவது நிற்கும், ஆனால் கேஸ் இழுக்கும், ஜட்ஜ் குழந்தையையே தனியே கூப்பிட்டு யாரோடு இருக்க ஆசை என்று கேட்டாலும் கேட்கலாம். அன்று ராத்திரி முழுக்க அவன் கண்ணுக்குள் ஒரு பெரிய நாற்காலியும் அதில் கால் எட்டாமல் உட்கார்ந்திருக்கும் அதிதியும்தான். ஆபீஸிலோ அடுத்த ரவுண்டு லேஆஃப் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. வேலை போனால் விசா போகும், விசா போனால் நாட்டை விட்டே கிளம்ப வேண்டும், அப்புறம் எந்தக் கோர்ட்டில் எந்தக் குழந்தைக்காக நிற்பது? புதன்கிழமை பிரீத்திக்கு ஃபோன் பண்ணி, சரி என்று சொல்லிவிட்டான்.

நிஜமாகவா என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். அவள் சண்டைக்குத் தயாராக இருந்திருப்பாள் போலிருக்கிறது.

"தேங்க்ஸ், மகிழ்," என்றாள் பிறகு. "ஆனா அவகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா நான் பிடுங்கிட்டுப் போற மாதிரி ஆயிடும்."

திங்கட்கிழமை சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து. இன்று ஞாயிறு.

"இதுக்குத் தமிழ்ல என்ன கண்ணு?" என்று கேட்டான், ஏதாவது பேச வேண்டுமே என்று. ஒட்டகச்சிவிங்கி அடுத்த காருக்குப் போயிருந்தது.

தமிழ்ப் பள்ளியில் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்த வார்த்தை. அதிதி பட்டென்று சொன்னாள், "ஒட்டகச்சிவிங்கி."

"அதுல ஒட்டகத்தை எடுத்துட்டா?"

"சிவிங்கி." யோசித்தாள். "இஸ் தட் எ வேர்ட்?"

"அதுதான் உன்னோட சீட்டா."

அவனுக்கே இரண்டு நாளைக்கு முன்னால்தான் தெரியும். இத்தனை வருஷமாக அவளிடம் சீட்டாவுக்கும் லெப்பர்டுக்கும் சேர்த்துச் சிறுத்தை என்றே சொல்லி வந்திருக்கிறான், அவளும் இரண்டும் வேற வேறப்பா என்று ஆங்கிலத்தில் திட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். ஒட்டகம் மாதிரி கழுத்து, சிவிங்கி மாதிரி புள்ளி, அதனால் ஒட்டகச்சிவிங்கி என்றதும் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. பிரித்து எழுதுக என்று பள்ளியில் உயிரை வாங்குவது இதற்குத்தானா என்பதுபோல, வாயில் வந்த தமிழ் வார்த்தைகளையெல்லாம் பிரிக்க ஆரம்பித்தாள். தலையணை, ஹெட் ஹக். கண்ணாடி, ஐ டான்ஸ். அவன் கூடச் சேர்ந்து சிரித்தான். இப்போது சொல்வதா, சிரித்துக்கொண்டிருக்கிற குழந்தையிடம்?

சிவிங்கிகளைக் கம்பி வேலிக்குப் பின்னால் தனியாக வைத்திருந்தார்கள். காரை நிறுத்திவிட்டு நடந்தார்கள். ஜூனிபர் மரத்து நிழலில் ஒன்று படுத்திருந்தது. டிவியில் பார்த்து அவன் நினைத்து வைத்திருந்ததைவிட மெலிசு. தலை ரொம்பச் சின்னது. கண்ணின் உள்முனையிலிருந்து வாய் வரைக்கும் இரண்டு கறுப்புக் கோடுகள், அழுது முடித்து முகம் கழுவாமல் வந்தவரைப் போல. அதிதி கம்பியை ஒட்டி நின்றாள். மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண்மணி கூடியிருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். சிங்கமும் கழுதைப்புலியும் ராத்திரியில் வேட்டைக்குப் போகும், அவற்றோடு மோத வேண்டாம் என்றுதான் இது பகலில் போகிறது. புல்லுக்குள் பதுங்கிப் பதுங்கி எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு போகும். பிறகு ஒரே ஓட்டம், சில நொடிதான். மான் சட்டென்று திரும்பினால் வாலை வீசி இதுவும் திரும்பும். முன்னங்காலால் தட்டி விழவைத்துக் கழுத்தைக் கவ்வும். அதோடு இதன் சக்தி முழுக்கத் தீர்ந்துவிடும். பிடித்த இரைக்குப் பக்கத்திலேயே படுத்து மூச்சு வாங்கும், வாய் வைக்கக்கூடத் தெம்பு இருக்காது. அந்த நேரம் பார்த்துக் கழுதைப்புலி வரும். வந்தால் இது எழுந்து போய்விடும்.

"ஏன் சண்டை போடாமல் போகிறது, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள் தொப்பிக்காரி.

அதிதி கையைத் தூக்கினாள். அடிபட்டால் ஓட முடியாது, ஓட முடியாவிட்டால் அப்புறம் சாப்பாடே கிடையாது, ஒரு மானுக்காக எல்லா மானையும் இழக்க முடியாது என்று ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னாள். தொப்பிக்காரி கை தட்டினாள். கோழை என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை, அதற்குத் தன் கணக்குத் தெரியும் என்றாள்.

மகிழனுக்கு நெஞ்சில் என்னவோ இளகியது. யாரோ அவன் பக்கம் சாட்சி சொன்ன மாதிரி இருந்தது. அதுவும் யார், இவளே! நாலு நாளாக அவன் தன்னையே குடைந்துகொண்டிருந்தான். குழந்தையை ஜட்ஜ் முன்னால் நிறுத்தக் கூடாது என்றுதான் சரி சொன்னேனா, இல்லை, அலுத்துப்போய்ச் சொன்னேனா? ஃபோனை வைத்ததும் முதலில் வந்தது துக்கமில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் அவமானமாக இருக்கிறது. ஆனால் இதோ, அதிதிக்கே புரிகிறது. காயம் படாமல் ஒதுங்குவதும் பிழைக்கிற வழிதான் என்று அவளே சொல்கிறாள். இதை வைத்தே சொல்லிவிடலாம்.

நிழலில் படுத்திருந்தது தலையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டது. உறுமல் இல்லை. குருவிக் குஞ்சு கத்துகிற மாதிரி, கீச் கீச்சென்று. கூட்டம் சிரித்தது. அம்மா குட்டியைத் தேடும்போது இப்படித்தான் கூப்பிடும் என்றாள் அதிதி. இதற்குக் குட்டி இல்லையே என்றான் அவன். அதனால் என்ன என்பதுபோல் தோளைக் குலுக்கினாள்.

திரும்பும் வழியில், ஃபோர்ட் வொர்த்துக்கு முன்னால் டிராஃபிக் ஊர்ந்தபோது சொன்னான். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. மூன்று வரிகளையும் வரிசையாகச் சொன்னான். அவள் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"ஃபார் எவர்?"

"லீவுக்கெல்லாம் இங்க வருவே. நானும் வருவேன் சாமி."

"டிட் யூ ஸே நோ?"

வேண்டாம் என்று சொன்னாயா என்று கேட்கிறாள். முன்னால் நின்ற லாரியின் சிவப்பு விளக்கையே பார்த்தபடி அவன், "நீயே சொன்னியே கண்ணு, சிவிங்கி ஏன் சண்டை போடாதுன்னு," என்று ஆரம்பித்தான். "அப்பாவும் அந்த மாதிரித்தான். சண்டை போட்டா எல்லாருக்கும் அடிபடும். உனக்கும்."

அதிதி இதை யோசித்தாள். எதையும் முழுசாக யோசிக்கிற குழந்தை. பிறகு கேட்டாள், அப்படியென்றால் நான்தான் அந்த மானா?

"அய்யோ, இல்ல..."

"பட் தி கஸெல் இஸ் டெட், அப்பா."

மான் செத்துப்போய்விட்டது என்று அவள் சொன்ன குரலில் கோபமே இல்லை, வீட்டுக் கணக்கில் தப்பைக் காட்டுகிற மாதிரி சொன்னாள். இப்படிப் போகும் என்று அவன் யோசிக்கவேயில்லை. "அப்படியில்ல கண்ணு, அதை விடு. நான் உனக்காகத்தான், அம்மாவுக்காகத்தான் விட்டுக்கொடுத்துட்டேன்," என்றான்.

சொன்னதும் கொஞ்சம் தெம்பு வந்தது. நல்ல வார்த்தை. அவனுடைய ஊரில் பெரிய மனுஷனுக்குச் சொல்கிற வார்த்தை. அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்தான் என்றால் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

பின் சீட்டில் உதடுகள் அசைந்தன. அவள் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"விட்டு," என்றாள். "லெஃப்ட். கொடுத்து. கேவ்." நிமிர்ந்து கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். "யூ லெஃப்ட் மீ அண்ட் கேவ் மீ?"

"இல்ல சாமி, அது ஒரே வார்த்தை. பிரிக்கக் கூடாது. அதுக்கு அர்த்தம்..."

அர்த்தம் என்ன? இருபது வருஷமாக ஆங்கிலத்தில் சம்பளம் வாங்குகிறவன் தேடினான். கிவ் அப். ஐயோ, அது கைகழுவுவது. கிவ் இன், அது தோற்றுப்போவது. லெட் கோ, அதுவும் விட்டதுதான். காம்ப்ரமைஸ் என்றால் பேரம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான், ஒவ்வொன்றும் அவள் சொன்னதைவிட மோசமாக இருந்தது. அன்பினால் ஒதுங்குவது என்று சொல்ல வந்து, வாயைத் திறந்து, அன்பு எங்கே இருக்கிறது அந்த வார்த்தைக்குள் என்று அவள் கேட்டால் எதைக் காட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டான். விட்டேன். கொடுத்தேன். வேறென்ன செய்தேன் நான்? பின்னால் ஹார்ன் அடித்தார்கள். முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது.

காப்பெல் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பிரீத்தி கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் ஹாலில் இன்னும் பெட்டியாக மடிக்காத அட்டைகள் சுவரோரம் சாத்தியிருந்தன. சொல்லியாயிற்றா என்று அவள் கண்ணாலேயே கேட்டாள். அவன் தலையசைத்தான்.

அதிதி பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். தமிழில், பள்ளியில் பதில் சொல்கிறவளைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அம்மா. அப்பா என்னை விட்டு, கொடுத்துட்டார்."

பிரீத்தி அவனைப் பார்த்தாள். அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். கல்யாணமான புதிதில் இரண்டு வீட்டாரும் அவளிடம் மாறி மாறிச் சொன்ன வார்த்தை அதுதான். அது ஒரே வார்த்தைடா, நடுவில் நிறுத்தக் கூடாது என்று அவள் மகளிடம் சொல்லிவிட்டால் போதும். அவள் வாய் திறந்தது. மகிழன் காத்திருந்தான். இத்தனை வருஷத்தில் அவளிடம் இப்படி எதற்காகவும் காத்திருந்ததில்லை.

"ஷூவக் கழட்டிட்டு உள்ள போ, அதி," என்றாள். குரல் கரகரத்தது. "நாளைக்கு பத்து மணி, மகிழ். வருவ இல்ல?"

அவன் வருவேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் கொஞ்சம் நின்றுவிட்டு, மெதுவாக, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.

உள்ளே மாடிப்படியில் சின்னக் கால்கள் ஏறுகிற சத்தம் கேட்டது. அதுவும் நின்றது. மகிழன் வாசல் விளக்குக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். ஆள் நடமாடினால் தானாக எரிகிற விளக்கு. அவன் அசையாமல் நின்றதில் அங்கே யாருமில்லை என்று முடிவு பண்ணி அது அணைந்துபோனது. கையைக் கொஞ்சம் தூக்கினால் போதும், மறுபடி எரியும். அவன் மூடிய கதவைப் பார்த்தபடி இருட்டில் நின்றான், கை இரண்டும் பக்கத்தில் தொங்க.