ஒண்ணு கூட்டிக்கோ

டூம் அன்று காலை ஏன் ஆறு மணிக்கே வந்து எழுப்பியது என்று நெரிஸுக்குப் பிடிபடவில்லை. ஒன்பது வருடமாக அந்த நாய் ஏழு மணிக்குத்தான் கட்டில் ஓரம் வந்து, ஈர மூக்கை அவள் முழங்கையில் வைக்கும். ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆகலாம். ஒரு மணி நேரம் பிசகியதே கிடையாது. கைப்பேசியைப் பார்த்தாள். ஆறுதான். வயிறு சரியில்லையோ என்று தடவிப் பார்த்தாள். வயிற்றில் ஒன்றும் கோளாறு இல்லை, பசிதான். சமையலறை மின்சார அடுப்பிலிருந்த கடிகாரம் ஏழு காட்டியது. போன வாரம் மின்சாரம் போய் வந்த பிறகு அதைச் சரி பண்ணிவிட்டதாக அவள் கணவன் இட்வல் சொல்லியிருந்தான். சரி பண்ணிய லட்சணம் இதுதான் என்று நினைத்துக்கொண்டு நாய்க்குச் சோறு வைத்தாள்.

"அவனுக்கு வயசாகுது, உன்னை மாதிரியே," என்றான் அவள் கணவன் போர்வைக்குள்ளிருந்து.

அன்று ஞாயிறு. மொட்டைத் தீவு வரை நடந்துவிட்டு வருவதாகத் திட்டம். தீவு என்று பெயரே தவிர, கடல் வற்றும்போது அது தீவில்லை. கரைக்கும் அதற்கும் நடுவே பாறைப் பாதை ஒன்று வெளியே வரும். கடல் அடிமட்டத்துக்கு இறங்கும் நேரத்துக்கு முன்னால் இரண்டரை மணி, பின்னால் இரண்டரை மணி, ஆக ஐந்து மணி நேரம் அதில் நடக்கலாம்.

அந்த நேரத்தைச் சொல்லும் சின்னப் புத்தகம் தூண்டில் கடையில் கிடைக்கும். நிலாவுக்கும் கடலுக்கும் அரசாங்கக் கடிகாரம் தெரியாது என்பதால், அதை வருடம் முழுக்கக் குளிர்கால நேரத்திலேயே அச்சிடுவார்கள். கோடையில் நாடே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் புத்தகத்தில் இருப்பதோடு ஒன்று கூட்டவேண்டும். கடைக்காரர் புத்தகத்தை நீட்டும்போதே "ஒண்ணு கூட்டிக்கோ" என்பார். படகுக்காரர்களும் மீன் பிடிப்பவர்களும் விடைபெறும்போதுகூட வேடிக்கையாக அதையே சொல்லிக்கொள்வார்கள்.

நெரிஸ் சனிக்கிழமை மாலை புத்தகத்தைப் புரட்டினாள். ஞாயிறு, கடல் வற்றி நிற்பது காலை ஒன்பது. ஒன்று கூட்டினாள், பத்து. பாதை மூடுவது பன்னிரண்டரை. துண்டுச் சீட்டில் எழுதி மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூட அடுக்களையில் இருநூறு பிள்ளைகளுக்கு அளந்து சமைப்பவள். அவள் கணக்கை இட்வல் சரிபார்ப்பதில்லை. கிளம்பும்போது ஆட்டுத்தொடையைக் குறைந்த சூட்டில் அடுப்பில் வைத்துவிட்டு, இரண்டு மணிக்குள் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரிதான் என்று மட்டும் எச்சரித்தான்.

ஒன்பது மணிக்குப் பாறைப் பாதையில் இறங்கினார்கள். கடல் வெகுதூரம் போயிருந்தது. வற்ற இன்னும் ஒரு மணி இருக்கும்போதே இவ்வளவு காய்ந்துவிட்டதே என்று அவளுக்குச் சின்ன ஆச்சரியம். நடக்க வசதி என்று அதோடு விட்டுவிட்டாள். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் நண்டுகள் ஓடி ஒளிந்தன. சிவப்பு அலகுள்ள சிப்பிப் பறவைகள் தண்ணீர் விளிம்பில் வரிசையாக நின்று குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தன. தீவின் மேற்குப் பக்கம், கீழே ஒரு கூழாங்கல் குடாவில், பிறந்து நாலைந்து நாள்கூட ஆகாத கடல்நாய்க் குட்டி ஒன்று வெள்ளை ரோமத்தோடு படுத்திருந்தது. தாய் தண்ணீரில் தலையை மட்டும் நீட்டி இவர்களையே பார்த்தது. டூமை வாரில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் புல்லில் படுத்துப் பார்த்தார்கள். அந்தத் தாய்க்குத் தன் மாமியாரின் மீசை என்றான் இட்வல். உன் அம்மாவுக்கு இதைவிட அடர்த்தி என்றாள் அவள்.

திரும்பி வரும் வழியில்தான் முதல் நெருடல். சிப்பிப் பறவைகள் விளிம்பில் இல்லை. உயரமான பாறை ஒன்றின் முதுகில் நெருக்கியடித்து, எல்லாம் காற்றைப் பார்த்து, ஒற்றைக் காலில் நின்றன. தின்ன இடமிருக்கும்வரை அவை மேலே ஏறாது. கடல் ஏறி இரை மூடிய பிறகுதான் அங்கே போகும். நெரிஸ் கைப்பேசியைப் பார்த்தாள். பதினொன்றரை. சீட்டைப் பார்த்தாள். பன்னிரண்டரை. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே. ஆனாலும் நடையை எட்டிப் போட்டாள்.

டூம் வேறு அடம்பிடித்தது. பத்தடி நடக்கும், அவள் தோள்பையின் முன்னால் வந்து உட்காரும், முன்னங்காலால் பையைச் சுரண்டும். மூட்டுவலிக்கு அதற்குத் தினமும் பன்னிரண்டரைக்கு ஒரு மாத்திரை. பாலாடைக்கட்டியில் பொதித்துக் கொடுப்பாள். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்குடா, நட," என்று இழுத்துக்கொண்டு போனாள்.

பாதையின் தீவுப் பக்க முனைக்கு வந்தபோது மணி பதினொன்று நாற்பத்தைந்து. காலையில் காய்ந்து கிடந்த நடுப்பள்ளத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அலையாக வரவில்லை. இரண்டு பக்கமிருந்தும் சத்தமில்லாமல் வந்து, நடுவில் ஒன்று சேர்ந்து, ஆறு மாதிரி ஒரே பக்கமாகப் போனது. பாறைமேல் கிடந்த கடற்பாசி எழுந்து அந்த ஓட்டத்தில் நீண்டு கிடந்தது.

நெரிஸ் பையிலிருந்து மறுபடி சீட்டை எடுத்தாள்.

"சீட்டு என்ன சொல்லுது?" என்றான் இட்வல்.

பன்னிரண்டரை என்றாள்.

"மணி இப்ப பன்னிரண்டுகூட ஆகலையே. இது காத்து தள்ளிவிட்ட தண்ணி. முழங்கால் அளவுதான் இருக்கும்." காலணியைக் கழற்றிக் கயிற்றை முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டான். "கணக்கு டீச்சரம்மா தப்பே பண்ண மாட்டாங்க. வா, ஆட்டுத்தொடை கரியுது."

இட்வலுக்கு நீச்சல் தெரியாது. கடலோரத்தில் ஐம்பத்து நான்கு வருடம் வாழ்ந்தும் கற்றுக்கொள்ளவில்லை. அவன் தண்ணீரில் இறங்கினான்.

கடல் ஏறுவது ஒரே வேகத்தில் அல்ல. வற்றி நின்ற பிறகு முதல் ஒரு மணி நேரம் சோம்பலாக ஏறும். இரண்டாவது மணியில் அதைப்போல் இருமடங்கு. மூன்றாவது, நான்காவது மணிகளில் மும்மடங்கு. இந்தக் கரையில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் கணுக்கால் தண்ணீர் ஆள் உயரத்துக்கு வந்துவிடும். நெரிஸுக்கு இது தெரியும். அதனால்தான் குழம்பினாள். அவள் சீட்டின்படி கடல் பத்து மணிக்கு வற்றி ஒன்றே முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. இந்த ஓட்டமோ மூன்றாவது மணியின் ஓட்டம். அப்படியானால் ஒரு மணி நேரம் எங்கேயோ காணாமல் போயிருக்கிறது. எங்கே?

டூம் இறங்க மறுத்து உட்கார்ந்துவிட்டது. மறுபடி பையைச் சுரண்டியது. இந்த முறை ஒரு முனகலும் சேர்ந்தது. நேரம் தவறிப்போன மாத்திரைக்கு முனகுகிற முனகல் அது.

அவள் நாயைப் பார்த்தாள். காலையில் ஒரு மணி நேரம் முந்தி எழுந்தது. இப்போதும் ஒரு மணி நேரம் முந்தியே மாத்திரை கேட்கிறது. அடுப்புக் கடிகாரமும் அதே ஒரு மணி நேரம். நாயும் அடுப்பும் ஒன்று சொல்ல, கைப்பேசி மட்டும் வேறு சொல்கிறது.

அக்டோபரின் கடைசி ஞாயிறு.

"இட்வல், திரும்பு."

அவன் பள்ளத்தின் நடுவை நெருங்கியிருந்தான். தண்ணீர் தொடையைத் தாண்டிவிட்டது. கைகளை விரித்து நிலைப்படுத்திக்கொண்டு, திரும்பாமலே பதில் சொன்னான். "பாதி தூரம் வந்தாச்சு. நீ வா."

"பாதை மூடியாச்சு. நேத்து ராத்திரி நேரத்தை மாத்திட்டாங்க. நான் கூட்டியிருக்கக் கூடாது."

அவன் திரும்பினான். திரும்பும்போது ஒரு கால் பாசியில் வழுக்கியது. இடுப்புவரை விழுந்து, கையை ஊன்றி எழுந்து, மறுபடி சாய்ந்தான். கழுத்திலிருந்த காலணி ஜோடி கழன்று அவனுக்கு முன்னால் மிதந்து இழுபட்டுப் போனது. அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை இருவரும் பார்த்தார்கள். அவன் முகம் வெளுத்தது.

நெரிஸ் வாரை டூமின் கழுத்திலிருந்து கழற்றினாள். பாறையில் குப்புறப் படுத்து, கால்விரல்களை ஒரு பிளவில் மாட்டி, வாரை வீசினாள். முதல் தடவை எட்டவில்லை. இரண்டாவது தடவையும் எட்டவில்லை. ஓட்டத்துக்கு எதிரே நேராக நிற்காதே, பக்கவாட்டில் நில், ஒரு காலை ஊன்றிய பிறகு மறுகாலை எடு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் நண்டு மாதிரி நகர்ந்து வந்தான். மூன்றாவது தடவை வாரின் நுனி அவன் கையில் சிக்கியது. அவள் தோள் பிய்ந்துவிடும்போல் வலித்தது. விடவில்லை.

மேட்டில் இருவரும் மூச்சு வாங்கிக் கிடந்தார்கள். டூம் அவன் காதை நக்கியது. அவன் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. தன் மேல்கோட்டை அவனுக்குப் போர்த்திவிட்டு அவள் திரும்பிப் பார்த்தபோது, அவன் நின்றிருந்த இடத்தில் எந்தப் பாறையும் தெரியவில்லை.

"தப்பு என்னோடது," என்றாள்.

"நானும் ஃபோனைத்தானே நம்பினேன்," என்றான் பற்கள் கிட்டிக்க. "அடுப்புக் கடிகாரம் நான் சரி பண்ணினது. அதை மட்டும் ஒருத்தியும் நம்பலை."

அவள் மீட்புப் படகுக்காரர்களை அழைத்து இடத்தைச் சொன்னாள். நீந்தவோ கடக்கவோ முயலாமல் உயரத்தில் உட்காருங்கள், படகு வருகிறது, ஈர உடையைக் கழற்றிவிட்டுக் காற்றுப்படாத பக்கம் இருங்கள் என்றார்கள். பாலாடைக்கட்டியை எடுத்து மாத்திரையைப் பொதித்து டூமுக்குக் கொடுத்தாள். பிறகு சீட்டையும் பேனாவையும் எடுத்து, பன்னிரண்டரையை அடித்துவிட்டுத் திருத்தினாள்.

கோடை நேரம் நேற்றிரவே முடிந்துவிட்டது. கைப்பேசி தானாக ஒரு மணி பின்னால் மாறிக்கொண்டது, நாயும் அடுப்பும் மாறவில்லை. சீட்டில் இருப்பதிலிருந்து ஒன்று கழிக்க வேண்டும். கடல் வற்றியது ஒன்பதுக்கு, பாதை மூடியது பதினொன்றரைக்கு. மறுபடி திறப்பது மாலை ஏழுக்குக் கொஞ்சம் முன்னால். அதுவரை யாரும் கீழே இறங்கக் கூடாது; படகு வரும்வரை மேட்டிலேயே இருக்க வேண்டும்.