தெரிந்த முதுகு

கடையில் எல்லாரும் அவளை டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். ஒருநாள் அதைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய், அப்படியே சாப்பிட உட்கார்ந்து, புருஷனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். பெண்கள் ஆடைக் கடையின் முதல் மாடியில் ஜம்ப்சூட் பகுதி அவள் பொறுப்பு. தோளிலிருந்து கணுக்கால்வரை ஒரே துணி, சட்டையும் பேன்ட்டும் ஒட்டிப் பிறந்த உடை. மாட்டிவைத்திருக்கும்போது அழகாகத்தான் இருக்கும். உடம்பில் ஏற்றிப் பாருங்கள், அப்போது தெரியும் அதன் குணம். வயிற்றுக்குச் சரியாக இருந்தால் தோளில் தொளதொளவென்று கிடக்கும், தோளுக்குச் சரியாக இருந்தால் வயிற்றில் பிடிக்கும். சட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவளுக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் செய்த வேலை. கடைக்குள் ரேக்கைப் பிடித்துப் பிடித்து நடந்துவிடுவாள், பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. தெருவில்தான் பாடு. தெருமுனையிலிருந்து பஸ் நிறுத்தம் இருநூறு அடி இருக்கும். காலை எட்டுப் பத்து வண்டிக்கு மற்றவர்கள் ஓடுவார்கள், இவள் எங்கே ஓட? சிவப்புக் குடையை ஊன்றிக்கொண்டு விந்தி விந்தி வருவாள். நாலு வருஷம். ஒருநாள்கூட அந்த வண்டி அவளை விட்டுவிட்டுப் போனதில்லை. முனையில் அவள் தலை தெரிந்தால் போதும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே யாராவது "இன்னும் எத்தனை நேரம்?" என்று முனகினாலும் நிற்கும்.

ஓட்டுகிறவர் ஒரு பெண் என்று தெரியும். முகம் தெரியாது. ஏறுவதும் நடுவாசல், இறங்குவதும் நடுவாசல். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு, அதில் 'டிரைவருடன் பேசாதீர்கள்' என்று ஒரு ஸ்டிக்கர் வேறு. தடுப்பை ஒட்டிய ஒற்றைச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு முதுகைப் பார்த்தபடியே கடைவரைக்கும் வருவாள். இறங்கி முன்பக்கம் போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால், இந்தக் காலை இழுத்துக்கொண்டு போவதற்குள் வண்டி கிளம்பிவிடும். நாலு வருஷமாக ஒரு நன்றி தொண்டையிலேயே நிற்கிறது என்று புருஷனிடம் புலம்பியிருக்கிறாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா மாடியேறி வந்தார். வரும்போதே முகத்தில் கடுப்பு.

"ஏம்மா, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு என் பொண்ணுக்குப் பட்டமளிப்பு விழா. பல் டாக்டருக்குப் படிச்சு முடிச்சுட்டா. பெத்தவங்களையும் மேடைக்குக் கூப்பிடுவாங்களாம். அவ அப்பா போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆச்சு. இருக்கறது நான் ஒருத்திதான். மூணு கடை ஏறி இறங்கிட்டேன். இங்கேயும் ஒண்ணும் அமையலைன்னா, லீவு கிடைக்கலைன்னு அவகிட்ட ஒரு பொய்யைச் சொல்லிட்டு வீட்லயே கிடப்பேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க மேடம்."

"பின்னே? அத்தனை பேர் முன்னாடி மூட்டை மாதிரி போய் நிக்கவா? இருபது வருஷமா எனக்கு பேன்ட்டுதான் பழக்கம், கவுனெல்லாம் ஆகாது. ஜம்ப்சூட் போடும்மா, உனக்கு எடுப்பா இருக்கும்னு பொண்ணு சொல்றா. அவ பேச்சைக் கேட்டு வந்திருக்கேன்."

இந்த இடத்தில்தான் டேப்பக்கா சறுக்கினாள். போன மாதம் மேலிடத்திலிருந்து ஒரு படம் வந்து சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. பெண் உடம்பு நாலு வகையாம்: ஆப்பிள், பேரிக்காய், உடுக்கை, செங்கல். எதற்கு எந்த உடை என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. எந்த மகராசன் கண்டுபிடித்தானோ! பதினோரு வருஷம் டேப் பிடித்த கைக்குத் தெரியாததா அந்தக் காகிதத்துக்குத் தெரியும்? ஆனால் சூப்பர்வைசருக்குப் பயந்து எல்லாரும் அதைப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் வந்தவரை முன்பக்கமாக ஒரு பார்வை பார்த்தாள். வயிறுதான் முதலில் கண்ணில் பட்டது. ஆப்பிள் என்று முடிவு கட்டி, இரண்டு சைஸ் பெரிதாக, கறுப்பில், தொளதொளப்பாக ஒன்றை எடுத்து நீட்டினாள்.

டிரையல் ரூம் கதவு படாரென்று திறந்தது. தோள் வழிந்து முழங்கையில் கிடந்தது. பேன்ட் தரையைக் கூட்டியது.

"இதுல எங்க குடும்பமே குடியிருக்கலாம் போலிருக்கே!"

அடுத்ததைக் கொடுத்தாள். அது நின்றால் சரியாக இருந்தது, உட்கார்ந்தால் தோளைப் பிடித்துக் கீழே இழுத்தது. மூன்றாவதற்கு ஜிப்பே ஏறவில்லை. பதற்றத்தில் டேப்பக்காவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்களுது ஆப்பிள் உடம்பு மேடம், அதான் கொஞ்சம் கஷ்டமா..."

"என்ன உடம்பு?"

போச்சு. சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்கவா முடியும்?

"நான் துணிக்கடைக்கு வந்தேனா, பழக்கடைக்கு வந்தேனா? நல்லா இருங்கம்மா." தன் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மா திரும்பி நடந்தார். கோபத்தைவிட அழுகைதான் அந்தக் குரலில் அதிகமாக இருந்தது.

மாடிப்படிக்கு முன்னால் ஒரு நொடி நின்று, இடது தோளை இரண்டு தடவை உருட்டிவிட்டுக்கொண்டார்.

டேப்பக்கா அப்போதுதான் அந்த முதுகைப் பார்த்தாள். வலது தோள் இரண்டு விரல் இறக்கம். கொண்டைக்குக் கீழே காசு அளவுக்குக் கறுத்த மச்சம். சிவப்பு சிக்னல் விழும்போதெல்லாம் இரண்டு தடவை உருளுமே, அந்தத் தோள்! அடிப்பாவி, இந்த முதுகையா தெரியாமல் விட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது. முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை, எப்படித் தெரியும்? ரேக்கை விட்டுவிட்டு விந்தி விந்தி ஓடினாள்.

"அக்கா! நில்லுங்கக்கா! போயிடாதீங்க!"

படித் திருப்பத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. இரண்டு படி இறங்கியிருந்த அந்த அம்மா, பின்னால் விந்தி விந்தி வருகிறவளை அதில் பார்த்தார். கால் தானாக நின்றது. அவள் வந்து சேரும்வரை அசையவில்லை.

"நீங்க..." கண்ணாடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "சிவப்புக் குடையா?"

"ஆமாக்கா. எட்டுப் பத்து வண்டி."

"அட கடவுளே! வண்டிக் கண்ணாடியில இப்படித்தான் விந்தி விந்தி, தூரத்துல இத்தனூண்டு தெரிவீங்க. வர்றது தெரியும், முகம் எங்கே தெரியுது?"

"எனக்கு உங்க முதுகுதான்கா தெரியும். நாலு வருஷமா நின்னு ஏத்திட்டுப் போறீங்க. நான் வேலையில இருக்கேன்னா அது உங்களாலதான். ஒரு நன்றி சொல்ல வழியில்லாம இருந்தேன். இன்னைக்கு வந்த உங்களையே அழ வெச்சு அனுப்பறேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்."

"அட, அழாதீங்க. வண்டின்னா நாலு பேருக்கு நிக்கத்தான் செய்யும். இப்ப என்ன பண்ணலாம்ங்கறீங்க?"

"மேல வாங்க. அந்தப் படத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு ஒழுங்கா எடுத்துத் தர்றேன்."

டிரைவரம்மா சிரித்துக்கொண்டே ஏறினார். டேப்பக்கா இப்போது வயிற்றைப் பார்க்கவே இல்லை. முதுகைப் பார்த்தாள். அவளுக்கு அது மனப்பாடம். முதுகு நீளம், கால் குட்டை. கழுத்திலிருந்து டேப்பை உருவி, தோளில் ஆரம்பித்துக் காலிடுக்கு வழியாகச் சுற்றி மறுபடி அதே தோளுக்குக் கொண்டுவந்து அளந்தாள். ஜம்ப்சூட்டுக்கு உயிரே அந்த அளவுதான். மூன்று கடையிலும் ஒருத்தரும் அதை எடுக்கவில்லையாம்.

"வயிறு ஒரு குத்தமும் பண்ணலைக்கா. உங்களுக்கு உடம்பு நீளம். நீளம் பத்தாம மேல இழுக்குது, உடனே பெரிய சைஸைத் தலையில கட்டறாங்க. அதுல தோள் விழுந்துடுது."

உடம்புப் பகுதி நீளமாக வைத்துத் தைத்த ரகத்தில் கருநீலம் ஒன்று இருந்தது. கழுத்து 'வி' மாதிரி இறங்கும், மார்புக்குக் கீழேயே தையல் போய் அங்கிருந்து துணி நேராக விழும். பெல்ட் கிடையாது. முன்னால் ஜிப்.

"ஜிப் முன்னாலதான் வேணும்," என்றார் டிரைவரம்மா. "எங்களுக்கு பாத்ரூம் போக ரெண்டு நிமிஷம் கிடைச்சாலே பெரிசு."

போட்டுக்கொண்டு வந்தவரை ஸ்டூலில் உட்காரச் சொன்னாள்.

"ஸ்டியரிங் பிடிங்க."

"என்னது?"

"பிடிங்கக்கா. வளைவுல திருப்புங்க. ஆ, இப்ப பிரேக்கு."

டிரைவரம்மா இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பினார், இல்லாத பிரேக்கை மிதித்தார். துணி எங்கேயும் இழுக்கவில்லை. கடையின் தையல்கார அண்ணன் வந்து வலது தோளுக்குள் மெல்லிய பஞ்சு ஒன்றை வைத்து இரண்டு தோளையும் சமமாக்கினார், கால் நீளத்தை மடித்துத் தைத்தார். அப்புறம் டிரைவரம்மா கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். முன்னால் பார்த்தார், திரும்பிப் பார்த்தார்.

"என் முதுகு இவ்வளவு நல்லா இருக்குமா?"

"நாலு வருஷமா பார்க்கறேன், எனக்குத் தெரியாதா?"

அந்த அம்மா டேப்பக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணு பக்கத்துல நான் நிக்கப்போறேன்மா," என்றார்.

மறுநாள் காலை குளித்து, சமைத்து, குடையை எடுத்துக்கொண்டு தெருவில் பாதி தூரம் வந்த பிறகுதான் டேப்பக்காவுக்கு அது உறைத்தது. டிரைவரம்மா இன்றைக்கு விழாவுக்குப் போகிறார். வண்டியை வேறு யாரோ ஓட்டுவார்கள். அவர்களுக்கு இவள் யாரோ எவளோ. மணி எட்டுப் பன்னிரண்டு ஆகியிருந்தது. சரி, ஒருநாள் லேட்டானால் ஆகட்டும், நல்ல காரியத்துக்குத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு முனை திரும்பினாள்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது.

வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது, முன்ஜன்னல் வழியாக ஒரு மீசைக்காரர் தலையை நீட்டினார்.

"சிவப்புக் குடை நீங்கதானேம்மா? மெதுவா ஏறுங்க. நீங்க வராம வண்டியை எடுக்கக்கூடாதுன்னு அக்கா காலைல ஆறு மணிக்கே போன் பண்ணிட்டாங்க. அப்புறம் இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை, உங்களுக்குப் புரியுமாம்."

"என்ன சொன்னாங்க?"

"போட்டுக்கிட்டு உட்கார்ந்து பார்த்தாங்களாம். எங்கேயும் இழுக்கலையாம்."